காணாமல் போனவனுக்கு ஒரு முகம்

அந்த அக்கா எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் கையைத்தான் பார்ப்பார். கல்யாண ஆல்பமோ, தேர்தல் சுவரொட்டியோ, மாதா படம் போட்ட காலண்டரோ, எதுவாக இருந்தாலும் கை எங்கே இருக்கிறது, விரல்கள் என்ன செய்கின்றன என்று பார்த்து முடித்த பிறகுதான் கண் மெல்ல மேலே ஏறி முகத்துக்கு வரும். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"மொகத்த நாம நெனச்ச மாதிரி வச்சிக்கிடலாம் மக்கா. கைய அப்பிடி வைக்க முடியாது" என்றார்.

அவருடைய கைகளே பார்க்கிறவர்களை ஒரு நிமிடம் நிறுத்தும். அண்டி ஆபீசில் வேலை. முந்திரி ஆலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். வறுத்த கொட்டையை உடைத்துப் பருப்பை எடுக்கும்போது கசிகிற எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்து, மறுபடி கறுத்திருந்தன. கடையில் எந்தத் தாளைக் கொடுத்தாலும் அழுக்குப் படாமல் இருக்கப் புறங்கையால்தான் வாங்குவார்.

நான் அப்போது புதுக்கடை ஜங்ஷனில் ஒரு மாடிக் கடையில் டிடிபி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்து மூன்று வயது. கல்யாணப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு பேனர், பாஸ்போர்ட் போட்டோ, ஜெராக்ஸ், இரண்டு கம்ப்யூட்டரில் இன்டர்நெட். துபாயிலிருந்து திரும்பிய ஒரு அண்ணன் நடத்திய கடை அது. 2006 டிசம்பர் தொடக்கத்தில், கடற்கரை ஊர் ஒன்றின் மாதா கோயில் கமிட்டியார் வந்து, சுனாமியில் இறந்தவர்களின் இரண்டாம் ஆண்டு நினைவுக்கு ஒரு பிளக்ஸ் வடிவமைக்கச் சொன்னார்கள். வரிசை வரிசையாகக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முகம், கீழே பெயர். ஒருவருக்கு மட்டும் போட்டோ இல்லை. வெறும் கட்டமாக விட்டால் நன்றாக இருக்காது என்று அண்ணன் சொன்னதால், கம்ப்யூட்டரில் கிடந்த எரியும் மெழுகுதிரிப் படத்தை எடுத்து அதில் வைத்தேன்.

மறுநாள் மாலை அந்தப் பிளக்ஸின் மாதிரி அச்சுத் தாளுடன் அக்கா மாடிப்படி ஏறி வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. ஆலையிலிருந்து நேராக வந்திருந்தார். சேலையில் வறுத்த கொட்டையின் புகை மணத்தது.

"இத செஞ்சது நீயா?"

"ஆமாக்கா."

"இந்த மெழுகுதிரிய எடு."

"போட்டோ கொண்டு வந்தியளா?"

"போட்டோ இல்ல. கட்டத்தயே எடுத்திரு. எனக்க தம்பி சாவல. காணாமப் போயிருக்கான்."

அண்ணன் கமிட்டிக்காரருக்குப் போன் செய்தார். அந்தப் பக்கம் நீளமாகப் பேசினார்கள். அவனுடைய பெயரை ஏற்கனவே கல்லில் வெட்டிக் கோயில் முற்றத்தில் வைத்தாகிவிட்டது, அவனுடைய மூத்த அண்ணன் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், இந்த அக்காவுக்கு மட்டும்தான் மனசு வரவில்லை, நீங்கள் அச்சடியுங்கள் என்றார்கள். அண்ணன் போனை வைத்துவிட்டுப் பதமாகச் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டு நின்றார்.

"செரி. கல்லுல கெடக்கட்டு. எனக்கு வேற ஒண்ணு செஞ்சு தா மக்கா. காணவில்லைண்ணு ஒரு நோட்டீஸ்."

"அதுக்கும் போட்டோ வேணுமேக்கா."

"அதுக்குத்தான வந்தேன்" என்று ஸ்டூலை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தம்பியின் கதையை அக்கா ஒரே நாளில் சொல்லவில்லை. துண்டு துண்டாகச் சொன்னதை நான் சேர்த்துக்கொண்டதுதான். கொல்லத்தில் விசைப்படகு வேலைக்குப் போனவன், பத்தொன்பது வயதில் ஒருநாள் தண்டவாளத்தைப் பிடித்து நடந்தே வீடு வந்து சேர்ந்தான். என்ன நடந்தது என்று சொல்லவில்லை. பேச்சு குறைந்தது. பக்கத்து அறையில் யாரோ இவனைப் பற்றிப் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்கிறவனைப் போலத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பான். சில நாள் எழுந்து நடக்கத் தொடங்கினால் நிறுத்த முடியாது. ஊர் பிராந்தன் என்றது. அக்கா அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார். சுகமில்லாதவன் என்பார். நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் மாத்திரை வாங்கிக் கொஞ்ச காலம் கொடுத்தார்கள்; தேறினான் என்று நினைத்து நிறுத்தினார்கள். அக்காவின் கணவருக்குக் கொச்சியில் படகு வேலை. வருஷத்தில் பாதி நாள் அங்கேதான் இருப்பார். அப்பா அம்மா போன பிறகு தம்பி அக்காவோடு இருந்தான்.

சுனாமி அன்றிலிருந்து அவனைக் காணவில்லை. போலீஸில் புகார் எழுதி வாங்கிக்கொண்டார்கள். போட்டோ கேட்டார்கள். அதுதான் இல்லை. பள்ளிக்கூடத்தில் எடுத்த ஒன்று வீட்டோடு போய்விட்டது. மற்றபடி எந்தப் போட்டோவிலும் அவன் நின்றதில்லை. அக்காவின் கல்யாணத்தன்று அவனைப் பின்னறையில் வைத்து, ரேடியோவைச் சத்தமாகப் போட்டுவிட்டு, கதவைச் சாத்தியிருந்தார்களாம். யார் சாத்தினார்கள் என்று நான் கேட்கவில்லை.

எனக்குப் படம் வரையத் தெரியாது. போட்டோஷாப்பில் ஒரு முகத்தை இன்னொரு முகத்தோடு ஒட்டத் தெரியும். இன்டர்நெட்டில் யாருடைய முகமாவது கிட்டத்தட்ட அவனைப்போல் இருந்தால் அதை வைத்துத் தொடங்கலாம் என்று நினைத்து, மனநிலை சரியில்லாதவர் என்பதற்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளைத் தட்டினேன். வந்ததெல்லாம் பழைய ஓவியங்கள். வெள்ளைக்காரர்கள் நானூறு, ஐநூறு வருஷமாகக் கிறுக்கர்களை வரைந்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. மூடிவிட்டு வேறு தேடப் போனேன். அக்கா என் கையைத் தடுத்தார்.

"நில்லு. ஒவ்வொண்ணாக் காட்டு."

அப்படித் தொடங்கியது. ஆலை விட்டதும் வருவார். ஐந்தரையிலிருந்து கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ் வரை உட்கார்ந்து பார்ப்பார்.

ஒரு படத்தில் பெரிய கூடம். ஒருவன் காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு ராஜாவாக உட்கார்ந்திருக்கிறான். ஒருவன் பாட்டுப் புத்தகத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பிடில் வாசிக்கிறான். முன்னால் அரை நிர்வாணமாக ஒருவன், காலில் விலங்கு. நடுவில் பட்டுப் பாவாடை உடுத்த இரண்டு பெண்கள், கையில் விசிறி. அக்கா எல்லாக் கைகளையும் பார்த்துவிட்டு விசிறியில் வந்து நின்றார்.

"இவளுவ யாரு? இவளுவளுக்கும் சொகமில்லியா?"

கீழே எழுதியிருந்ததைத் தட்டுத்தடுமாறி வாசித்தேன். "இல்லக்கா. அந்தக் காலத்துல பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வேடிக்க பாக்கப் போவாங்களாம்."

"எங்க வீட்டுக்கும் வந்தாளுவ" என்றார். "விசிறி கொண்டு வரல. அவ்வளவுதான்."

இன்னொன்றில் ஒருவனை நாற்காலியில் உட்காரவைத்து நெற்றியைக் கீறி எதையோ எடுக்கிறார்கள். அறுக்கிற வைத்தியனின் தலையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனல் கவிழ்ந்திருக்கிறது. அதைப் பார்த்து அக்கா சிரித்தார். நான் பார்த்தவரை அவர் சிரித்தது குறைவு.

"கொள்ளாம். இதுல ஆருக்குக் கிறுக்குண்ணு வரைஞ்சவனுக்குத் தெரிஞ்சிருக்கு." கொஞ்சம் கழித்துச் சொன்னார்: "எனக்க தம்பிக்கும் ஒருத்தன் தலைய மழிச்சிட்டுப் பச்சிலை அரைச்சுக் கட்டினான். மூணு நாளு உறங்கினான். எந்திரிச்சதும் எனக்க மொகத்தத் தொட்டுத் தொட்டுப் பாத்தான், நான்தானாண்ணு."

கிழிந்த உடையும் தலையில் பூவும் காய்ந்த புல்லுமாக ஒரு பெண். இப்படிப் பெண்கள் நிறைய வந்தார்கள். அக்கா அவர்களைச் சீக்கிரம் தள்ளச் சொன்னார். "இது துணி அவுந்து கெடக்கதக் காட்டணும்ணு வரைஞ்சது."

ஒரு படகு. பாய்மரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரம் நட்டிருக்கிறது. உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு பைத்தியக்காரர்கள் பாடுகிறார்கள், குடிக்கிறார்கள். அக்கா படகையே பார்த்தார்.

"இந்த வள்ளம் ஓடாது. துடுப்பு கரண்டி மாதிரி இருக்கு. மூணு அலை தாண்டாது. எதுக்கு இதுல ஏத்தியிருக்காவ?"

"ஊருக்கு வெளிய அனுப்புறதுக்குன்னு போட்டிருக்குக்கா. கிறுக்குப் பிடிச்சவங்கள இப்படிப் படகுல ஏத்தி விட்டிருவாங்களாம்னு ஒரு கத."

அக்கா அன்றைக்கு வேறு படம் கேட்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிப் போனார்.

நான்கைந்து நாள் கழித்து அந்தப் படம் வந்தது. ஒரு ஆள், நெஞ்சு வரைக்கும்தான். கறுத்த பின்னணி. பழைய கோட்டு. விலங்கு இல்லை, புல் இல்லை, பல்லைக் காட்டவில்லை. பார்த்தால் வரிசையில் நம் பின்னால் நிற்கிற யாரோ ஒருவர் போல. கண் மட்டும் நம்மைப் பார்க்காமல், கொஞ்சம் கீழே, கொஞ்சம் ஓரத்தில் நின்றது. நான் அடுத்த படத்துக்குப் போயிருப்பேன்.

"கையில்ல இதுல" என்றார் அக்கா. ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார். "இத வரைஞ்சவன் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கான். பேசிப் பாத்திருக்கான். மத்தவனுவ எல்லாம் வாசல்லயே நிண்ணுட்டானுவ."

"இவர மாதிரியா இருப்பாரு?"

"இல்ல. மூக்கு வேற, தாடை வேற, நெறம் வேற. கண்ணு மட்டும் அவனுக்குள்ளது."

அந்தக் கண்களை வெட்டி எடுத்தேன். மூக்குக்குத் தன் மூத்த அண்ணனின் டிரைவிங் லைசென்ஸ் ஜெராக்ஸைக் கொண்டுவந்தார்; எதற்கென்று அவரிடம் சொல்லவில்லை. தாடையும் உதடும் தன்னுடையதேதான் என்றார். அவரையே ஸ்டூலில் உட்காரவைத்து பாஸ்போர்ட் போட்டோ எடுத்து, அதிலிருந்து எடுத்தேன். முடி, காது எல்லாம் கம்ப்யூட்டரில் கிடந்த யார் யாருடையதோ. நிறத்தைக் கறுப்பாக்கினேன். தினமும் அக்கா வந்து பார்த்து இல்லை என்பார். புருவம் இத்தனை அடர்த்தி கிடையாது. நெற்றி இன்னும் ஏறியிருக்கும். எது சரியில்லை என்று சொல்லத் தெரியாத நாளில் எழுந்து போய்விடுவார். எனக்குச் சலித்தது. ஒரு நாள் இரண்டு கல்யாணப் பத்திரிகை வேலையை முடிக்காமல் அண்ணனிடம் ஏச்சு வாங்கினேன்.

பத்தாவது நாளோ பதினொன்றாவது நாளோ, கண்ணைக் கொஞ்சம் இறக்கி, இடது பக்கத்து உதட்டோரத்தை மட்டும் சற்றுத் தாழ்த்தினேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. அக்கா திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"ஏலே" என்றார், மெதுவாக.

என்னைக் கூப்பிடவில்லை. எங்கிருந்தாய், சாப்பிட்டாயா என்று கேட்கப் போகிறவரைப் போல வாய் திறந்திருந்தது. பிறகு நிமிர்ந்து, "போதும் மக்கா, இனி இதத் தொடாத" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கடை அண்ணனுக்கு ஒரு யோசனை இருந்தது. மறுநாள் அக்காவிடமே சொன்னார்: "அக்கா, கிறுக்கன்னா கிறுக்கன் மாதிரி இருந்தாத்தான் ஆளு கவனிக்கும். தாடியும் சிக்கு முடியும் வைக்கச் சொல்லட்டா?"

"ஞாயித்துக்கெழம தோறும் நான் சவரம் செஞ்சு விடுவேன்."

"ரெண்டு வருஷமா யாரு செஞ்சு விடுகா?"

அக்கா "வரை" என்று என்னிடம் சொல்லிவிட்டு, நான் தாடி வரைந்து முடிக்கும்வரை வெளியே வராந்தாவில் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் ஒரே நோட்டீஸில் தாடியில்லாமல் ஒன்று, தாடியோடு ஒன்று என இரண்டு முகம் போட்டோம். கீழே கடை போன் நம்பர். அதற்கும் கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "யாரையும் ஒன்றும் செய்ய மாட்டான், பயப்பட வேண்டாம்."

ஞாயிறு பூசை முடிந்ததும் மைதாப் பசை காய்ச்சி ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு கிளம்புவார். குழித்துறை, நாகர்கோவில், கன்னியாகுமரி ஸ்டேஷன்கள், பஸ் ஸ்டாண்டுகள், வட்டக்கோட்டை போகிற வழியில் உள்ள சுவர்கள். கன்னியாகுமரியில்தான் அதிகம் ஒட்டினார். வடக்கே எங்கோ தெரியாமல் ரயில் ஏறியவர்கள் எல்லோரும் கடைசியில் இறங்க வேண்டிய ஸ்டேஷன் அது, அதற்கு மேல் தண்டவாளம் இல்லை என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நடக்கத் தொடங்கினால் நிற்காதவன் எந்த ரயிலிலாவது ஏறியிருந்தால் சுற்றி அங்கேதான் வருவான் என்று கணக்குப் போட்டிருந்தார்.

அடுத்த மே மாதம் போன் வந்தது. நான்தான் எடுத்தேன். அஞ்சுகிராமம் பக்கத்தில், தெருவில் திரிகிற மனநோயாளிகளைக் கொண்டுவந்து பராமரிக்கிற ஒரு இல்லம். "நோட்டீஸ்ல உள்ள ஆள் எங்ககிட்ட இருக்கார்" என்றார் பேசிய அம்மா. ஆலைக்கு ஆள் அனுப்பினோம். அக்கா வந்து கேட்டுவிட்டு அழவில்லை. "நீயும் வா மக்கா, படம் செஞ்சவ நீதான" என்றார். அண்ணன் கடை கேமராவையும் கொடுத்து அனுப்பினார்.

பினாயில் மணக்கும் நீளமான கூடம். சிமென்ட் மேடையில் வரிசையாக ஆண்கள். போனில் பேசிய அம்மாதான் பொறுப்பாளர். எங்களை ஒரு ஆளிடம் அழைத்துப் போனார். மொட்டையடித்து, முகம் மழித்து, துவைத்த சட்டை போட்டிருந்தான். எனக்குத் திடுக்கிட்டது. அந்தக் கண்களோடு நான் பத்து நாள் குடியிருந்தவள். அதே கண்கள் இங்கே உயிரோடு, அதேபோல் கொஞ்சம் கீழே, கொஞ்சம் ஓரத்தில்.

அக்கா கையைப் பார்த்தார். இடது கையை எடுத்து ஆள்காட்டி விரலைத் திருப்பிப் பார்த்தார். தம்பிக்குச் சின்ன வயதில் தூண்டில் ஏறி அந்த விரலில் நகமே கிடையாது. இந்த விரலில் நகம் முழுசாக இருந்தது.

"இவன் இல்ல" என்றார்.

அந்த ஆள் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தான். எங்கள் நோட்டீஸ்தான். மடிப்பு மடிப்பாகத் தேய்ந்து, ஓரங்களில் காய்ந்த பசையோடு. விரித்து, தாடியோடு இருந்த முகத்தின்மேல் விரலை வைத்து, பிறகு தன் நெஞ்சில் வைத்தான்.

"கன்னியாகுமரி ஸ்டேஷன்ல இருந்து கூட்டிட்டு வரும்போதே இது கையில இருந்துது" என்றார் பொறுப்பாளர். "தமிழ் தெரியாது. இந்தத் தாளக் காட்டித்தான் தன்னச் சொல்லுவாரு. வாங்கப் போனா விட மாட்டாரு. எங்களுக்கும் பாத்தா அதே ஆளாத்தான் தெரிஞ்சுது. அதான் போன் பண்ணினோம்."

அக்கா அவன் பக்கத்தில் மேடையில் உட்கார்ந்தார். கொண்டுபோயிருந்த ஏத்தம்பழத்தை உரித்துக் கொடுத்தார். தின்றான்.

பொறுப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க. இவருக்கு யாருமே வந்ததில்ல. அக்கான்னு சொல்லி மாசம் ஒருக்க வந்து போனீங்கன்னா, தேறுறதுக்கு நல்லது. அவரே அப்படித்தான நெனைச்சிட்டிருக்காரு."

"வந்து போறேன். அக்காண்ணு சொல்ல மாட்டேன்" என்றார் அக்கா. "இவனுக்கு உள்ளவ எங்கியாவது தேடிட்டு இருப்பா." பிறகு என் பக்கம் திரும்பினார். "மக்கா, இவனப் படம் எடு. இவனுக்க சொந்த மொகத்த. ஒண்ணையும் மாத்தாத."

எடுத்தேன். கைகளும் தெரியும்படி எடுக்கச் சொன்னார்.

திரும்பும்போது நாகர்கோவிலில் பஸ் மாறி உட்கார்ந்த பிறகு, அக்கா யாருக்கோ சொல்வதைப் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கிறிஸ்மஸுக்குச் சொந்தக்காரங்க வந்திருந்தாவ. அவன் எழும்பி நடந்தா நாணக்கேடுண்ணு ரெண்டு நாளு பின்னால தெங்குல கெட்டிப் போட்டிருந்தோம். வலைக்கயிறு. மறுநாளு ஞாயித்துக்கெழம, கடலு வந்த அண்ணைக்கு, காலத்த பூசைக்குப் போவும்போ அவுத்து விட்டுட்டுத்தான் போனேன். ஊருல எல்லாருட்டயும் அப்பிடித்தான் சொல்லியிருக்கேன்."

பஸ் கிளம்பியது.

"அவுத்தது எனக்க கைக்கு நெனவு இருக்கு மக்கா. முடிச்சு எறுகிக் கெடந்துது, பல்லால கடிச்சு இழுத்தேன். ஆனா அது அண்ணைக்குள்ளதா, அதுக்கு முந்துன வருஷத்துக்குள்ளதாண்ணு தெரியல. எத்தன வட்டம் கெட்டியிருக்கோம், எத்தன வட்டம் அவுத்திருக்கோம்." ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி சொன்னார்: "வெள்ளம் வத்தினப்பம் போய்ப் பாத்தேன். தெங்கு நிண்ணுது. கயிறு இல்ல."

கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். அக்கா சேலை முடிச்சிலிருந்து சில்லறை எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு இதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

அந்த ஆளுக்கான நோட்டீஸை முன்னதைவிட வேகமாகச் செய்து முடித்தேன். மாற்ற எதுவும் இல்லையே. புதுக்கடையில் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த ஒருவருக்கு இந்தியும் கொஞ்சம் ஒரியாவும் தெரியும். அக்கா அவரைக் கெஞ்சிக் கூட்டிப் போனார். மூன்று நான்கு தடவை போய்ப் பேசிப் பேசி, ஒரு சந்தையின் பெயரையும் அதற்குப் பக்கத்து ஆற்றின் பெயரையும் அவன் வாயிலிருந்து வாங்கினார்கள். இல்லத்தார் அந்தப் பக்கத்துப் போலீஸுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் எழுதினார்கள். மாத்திரையில் அவனும் தேறி வந்தான். மாதம் ஒருமுறை அக்கா போவார். அவன் என்னவோ சொல்லிக் கூப்பிடுவானாம். அதற்கு அக்கா என்றுதான் அர்த்தம் என்று பட்டாளக்காரர் சொன்னார். வேண்டாம் என்று அக்கா தடுக்கவும் இல்லை, ஏலே என்று அவனைக் கூப்பிடவும் இல்லை.

ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. அவனுடைய மனைவியும் அண்ணனும் வந்தார்கள். நானும் போயிருந்தேன். அந்தப் பெண் நெற்றி வகிட்டில் குங்குமம் வைத்திருந்தாள். அவன் போய் எட்டோ ஒன்பதோ வருஷமாம். லேமினேட் செய்த ஸ்டூடியோ படம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். அதில் ஒரு இளைஞன் பூந்தொட்டியின் பக்கத்தில் விறைப்பாக நின்றான். படத்துக்கும் ஆளுக்கும் எனக்கு ஒற்றுமையே தெரியவில்லை. அவள் ஒரு பார்வையில் கண்டுகொண்டாள். அவன் அவளைப் பார்க்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான்.

கிளம்பும்போது சட்டைப்பையிலிருந்த எங்கள் நோட்டீஸைப் பொறுப்பாளர் எடுக்கப் பார்த்தார். இனி அது எதற்கு, வேறு யாருடையதோ படம் என்று. அவன் பையைப் பொத்திக்கொண்டான்.

"வச்சிக்கிடட்டு" என்றார் அக்கா.

அப்படி அந்த முகம் ஒரிசாவுக்குப் போயிற்று. அக்கா மறுநாள் ஆலைக்கு வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி பசை காய்ச்சினார் என்று கேள்விப்பட்டேன்.

2010இல் எனக்குக் கல்யாணமாகித் தக்கலைக்கு வந்தேன். புதுக்கடைக் கடை மொபைல் கடையாக மாறியது. நான் தக்கலையில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அக்காவை நான் நினைக்காத மாதங்களும் உண்டு. 2014 அக்டோபர் கடைசியில் ஒருநாள் மத்தியானம் என்னை விசாரித்துக்கொண்டு அந்தக் கடைக்கே வந்துவிட்டார். முடி நரைத்திருந்தது. ஆலை வேலையை விட்டிருந்தார். விரல்கள் மட்டும் வெளுக்கவில்லை. என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். பிறகு சொன்னார்:

"அவனுக்க மொகம் போச்சு மக்கா."

எனக்கு விளங்கவில்லை.

"கண்ண மூடினா நீ செஞ்ச மொகந்தான் வருகு. சின்னதுல மண்ணுல கெடந்து உருண்டான் பாத்துக்க, அந்த நெனவுலயும் இந்த மொகந்தான். எனக்குள்ளது போச்சு."

குறையாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் மாறியதைச் சொல்கிற குரலில்தான் சொன்னார். தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்.

"அந்தக் கண்ணு ஆருக்குள்ளது?"

"பழைய படம்க்கா. வெளிநாட்டுல."

"அது தெரியும். அந்த ஆளுக்குப் பேரு இருக்கும்லா. பாத்துச் சொல்லு."

கூட்டம் இல்லாத நேரம். தேடினேன். இப்போது இன்டர்நெட் வேகமாக இருந்தது, படம் உடனே வந்தது. வரைந்தவரின் பெயர் இருந்தது. அந்த ஆளை வைத்துப் பார்த்த டாக்டரைப் பற்றி இருந்தது. இப்போது எந்த ஊர் மியூசியத்தில் தொங்குகிறது என்று இருந்தது. அந்த ஆளின் பெயர் எங்கும் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நோயின் பெயர் இருந்தது. அக்காவிடம் சொன்னேன்.

"எப்பமே செத்திருப்பான் இல்லியா?"

"இருநூறு வருஷம் ஆகப்போவுதுக்கா."

"அவனுக்காண்டி யாராவது பூசை வச்சிருப்பாவளா?"

"தெரியலக்கா."

கல்லறைத் திருநாள் அந்த வாரம் வந்தது. இறந்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் கோயிலில் கொடுத்தால் அன்றைய பூசையில் வாசிப்பார்கள். அக்கா பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து, புறங்கையால் என் பக்கம் தள்ளினார். என் கையெழுத்து தெளிவாக இருக்கும் என்றார். நான் பேனாவை எடுத்து, "பெயர் தெரியாத மனநோயாளி" என்று எழுதத் தொடங்கினேன். எழுத எழுதச் சொல்லிக்கொண்டே வந்ததால் அவருக்குக் கேட்டது.

"நோய எழுதாத. அதத்தான் அவனுவ எழுதி வச்சிருக்கானுவ. ஆளுண்ணு எழுது."

அடித்துவிட்டு, "பெயர் தெரியாத ஒரு ஆள்" என்று எழுதினேன். சீட்டில் அதற்குக் கீழே இன்னும் நாலைந்து கோடு காலியாக இருந்தது.

"வேற பேரு எழுதணுமாக்கா?"

அக்கா சீட்டை வாங்கிப் பார்த்தார். மடித்துப் பையில் வைத்தார்.

"வேற ஆரு இருக்கா?" என்று சொல்லிவிட்டுப் புதுக்கடை பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்து போனார்.